கடைசி அத்தியாயத்தின் தையல்

வக்கீல்தான் கொலைகாரன் என்று சொல்லிவிடலாம். இந்த வார மர்ம நாவலின் பின்னட்டையில் நாலு பேர்தான் இருக்கிறார்கள், செத்துப்போன எஸ்டேட் முதலாளியின் மருமகன், குடும்ப வக்கீல், சமையல்காரி, திடீரென்று வெளியூரிலிருந்து வந்து நிற்கிற தம்பி. மருமகன் என்று சொன்னால் ராஜமாணிக்கம் சிரிப்பான், ஆரம்பத்திலேயே முறைத்துக்கொண்டு திரிகிறவன் கடைசியில் நல்லவனாகத்தான் இருப்பான் என்பது அவனுடைய சட்டம். வீட்டு வேலை செய்கிற பெண் என்று போன வாரப் புத்தகத்துக்குச் சொல்லியாகிவிட்டது, அது என் கெட்ட நேரத்துக்குச் சரியாகவும் போய்விட்டது, இத்தனை வருஷத்தில் நான் சரியாகச் சொன்னதே அபூர்வம் என்று முகைதீன் பாய் எனக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார், படிக்காமல் வாங்கிய அந்தப் பன்னை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆகையால் வக்கீல். வக்கீல் என்றால் ராஜமாணிக்கம் கோர்ட்டுக் கதை எடுத்துவிடுவான், கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன், வக்கீல்களைப் பற்றி ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும் வரை பேசுவான், நான் தலையாட்டினால் போதும். வெயில் இன்னும் இறங்கவில்லை. பாலக்கரை ஸ்டாப்பில் இறங்கி பேக்கரி வரைக்கும் நடக்கிற இந்தக் கொஞ்ச தூரத்துக்கே முழங்கால் இடிக்கிறது, பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களை ஓட ஓட விரட்டின பி.டி. மாஸ்டருக்கு வந்த கதி. புத்தகம் பைக்குள் இருக்கிறது. நான் இதைப் படிக்கவில்லை, போன வாரத்துப் புத்தகத்தையும் படிக்கவில்லை, பொங்கலுக்கு அப்புறம் எதையுமே படிக்கவில்லை, இது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் தலையையா வாங்கிவிடப் போகிறார்கள், வாங்க மாட்டார்கள், பாவம் பார்ப்பார்கள், அதுதான் எனக்குப் பயம். ஊரில் எல்லா இடத்திலும் நான் பெண்டாட்டி செத்தவனாகிவிட்டேன். மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனால் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் தருகிறார்கள், மளிகைக் கடைக்காரன் என்னைப் பார்த்ததும் ரேடியோ சத்தத்தைக் குறைக்கிறான், மாடி வீட்டம்மா மூடின கிண்ணத்தோடு படியிறங்கி வருகிறார், மகன் போனில் சாப்பிட்டீங்களாப்பா என்பதைத் தவிர வேறு கேள்வியே மறந்துபோனவனாக இருக்கிறான். பேக்கரி பெஞ்சில் மட்டும்தான் நான் இன்னும் பழைய சவரிமுத்து, எப்போதும் தப்பான ஆளைப் பிடிக்கிற சவரிமுத்து. அந்த ஒரு இடமும் போய்விட்டால் சனிக்கிழமை சாயங்காலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அவர்கள் முன்னாடியே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். முகைதீன் பாய் சுவரோரம், அவருக்குப் பழக்கமான இடம், இந்த பேக்கரிக்கு எதிரில்தான் அவருடைய தையல்கடை இருந்தது, இப்போது செல்போன் கடை. கடையைக் கொடுத்துவிட்டாலும் சட்டைப் பையில் ஊசி குத்தின ஒரு துண்டுத் துணி எப்போதும் இருக்கும், அந்த ஊசியால்தான் எங்கள் ஏற்பாடே ஓடுகிறது. வாரம் ஒரு மர்ம நாவல், சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிளாட்பாரத்தில் பழசாகக் கிடைக்கிறதை பாய் வாங்குவார், வாங்கின கையோடு பார்க்காமல் கடைசி அத்தியாயத்தை மட்டும் ஓரமாக ஓட்டுத் தையல் போட்டு மூடிவிடுவார், கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கண்ணை மூடித் தைப்பதாக ராஜமாணிக்கம் கிண்டல் செய்வான். முதலில் பாய் படிப்பார், பிறகு ராஜமாணிக்கம், கடைசியாக நான், கைமாற்றிக்கொள்வது பேக்கரிக் கல்லாவில். மூன்று பேரும் முடிக்கும் வரை புத்தகத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. சனிக்கிழமை இரண்டாவது டீக்கு அப்புறம் ஆளுக்கொரு கொலைகாரனைச் சொல்ல வேண்டும், சொன்ன பிறகு பாய் நூலை இழுப்பார், ஒரே இழுப்பில் வந்துவிடும், ராஜமாணிக்கம் கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற தோரணையில் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாகப் படிப்பான். இதனால்தான் என்னால் இத்தனை நாள் ஏமாற்ற முடிந்தது. முடிவை எப்படியும் காதால் கேட்டுவிடுகிறேன், ஆரம்பம் பின்னட்டையில் இருக்கிறது, நடுவில் நடப்பது எல்லாப் புத்தகத்திலும் ஒன்றுதான், இன்ஸ்பெக்டர் வருவார், எல்லோரையும் விசாரிப்பார், இன்னொருத்தன் சாவான். இந்த வாரம் ராஜமாணிக்கம் கல்லாவில் புத்தகத்தை வைத்துவிட்டு எனக்கு போன் செய்தான். "டேய், இந்தப் புத்தகத்துல ஒரு பெரிய சங்கதி இருக்குடா, படிச்சிட்டு வா, வந்து பேசிக்கறேன்" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாப் புத்தகமும் பெரிய சங்கதிதான். ஆனால் இப்போது நான் பெஞ்சில் உட்காரும்போது இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், வாயோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பரீட்சை முடிந்து வருகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "என்ன மாஸ்டர், முடிச்சாச்சா?" என்கிறார் பாய். "முடிச்சாச்சு பாய்" என்கிறேன். இன்னும் பார்க்கிறார்கள். சவரம் செய்யாமல் வந்துவிட்டேன், அதுவாகத்தான் இருக்கும். கன்னத்தைத் தடவிக்கொள்கிறேன். "ஒண்ணும் சொல்லலியேடா?" என்கிறான் ராஜமாணிக்கம். "ரெண்டாவது டீ வரட்டும்டா, சட்டம்னா சட்டம்" என்கிறேன். சிரிப்பு இரண்டு முகத்திலும் கொஞ்சம் தளர்கிறது. பாய் டீயை ஆற்றத் தொடங்குகிறார்.

முதல் டீ எப்போதும் வீட்டுக் கதைக்கு. ராஜமாணிக்கத்தின் தெருவில் குழாய்க்குத் தோண்டின பள்ளத்தை மூடவில்லை, அவன் மருமகள் ஸ்கூட்டியோடு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள், விழுந்தவளைத் தூக்காமல் மகன் ஸ்கூட்டியைத் தூக்கினான் என்று வீட்டில் பெரிய பஞ்சாயத்தாம். "நான் சொன்னேன், டேய், கோர்ட்டா இருந்தா இந்த ஒரு பாயிண்ட்லயே உனக்குத் தண்டனைடான்னு." பாய் சிரிக்கிறார். நானும் சிரிக்க வேண்டும், சிரிக்கிறேன், விழுந்தவளைத் தூக்காமல் ஸ்கூட்டியைத் தூக்கினான், கை எது கிட்டே இருக்கிறதோ அதைத்தானே தூக்கும், அவன் என்ன வேண்டுமென்றா செய்தான், அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று யாருக்குத் தெரியும். பேச்சு எப்படியும் வளைந்து புத்தகங்களுக்கு வந்துவிடும், வந்துவிட்டது. ராஜமாணிக்கம் சொல்கிறான், நிஜத்தில் கொலையில் மர்மமே கிடையாது, அவன் பார்த்த கேஸ் எல்லாவற்றிலும் வெட்டினவன் அங்கேயே உட்கார்ந்திருப்பான், இல்லாவிட்டால் அவனே ஸ்டேஷனுக்கு நடந்து போயிருப்பான். "யார் செஞ்சாங்கறது பத்து நிமிஷத்துல தெரிஞ்சிரும். ஏன் செஞ்சாங்கறதுதான் பத்து வருஷம் ஆனாலும் தெரியாது. அதை எந்த நாவல்லயாவது எழுதறானா?" பாய்க்கு வேறு மனத்தாங்கல். "வாயே தொறக்காம அமைதியா இருக்கறவன்தான் கொலைகாரன்னு எழுதி எழுதி, எங்க வீட்ல என்னையே ஒரு மாதிரியா பாக்குறாங்க. நான் என்ன செய்வேன், எனக்குப் பேச்சு வராது." அவருக்கு இந்தப் புத்தகங்களில் பிடித்ததே மழைதான், பெரிய பங்களா, வெளியே கொட்டுகிற மழை, திருச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்தால் உடம்பு குளிர்கிறது என்பார். எனக்கு என்ன பிடித்திருந்தது? யோசிக்கிறேன், எனக்குக் கேள்வி கேட்கிற இடங்கள் பிடிக்கும், ராத்திரி எங்கே இருந்தாய், கதவைத் திறந்தது யார், விளக்கு எரிந்ததா, ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்கிற நம்பிக்கை அதில் இருந்தது. இப்போது அந்தக் கேள்விகள்தான் எனக்கு ஆகவில்லை.

ஒவ்வொரு புத்தகத்தையும் பிணம் வரைக்கும் படிக்கிறேன். அது சீக்கிரமே வந்துவிடும், முதல் அத்தியாயத்திலேயே, இந்தப் புத்தகத்தில் காலையில் எஸ்டேட் பங்களா சமையலறை வாசலில் முதலாளி விழுந்து கிடக்கிறார், சமையல்காரி அலறிக்கொண்டு ஓடுகிறாள், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அதோடு மூடிவிட்டேன். அடுத்த பக்கத்தில் யாரும் அழப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், செத்த மனுஷனைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு சிகரெட் துண்டைத் தேடுவார்கள். இத்தனை வருஷம் அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. மெட்டில்டா கேட்பாள், பொழுதன்னிக்கும் பொணமும் போலீசுமா படிக்கறீங்களே, ஒரு நாளாவது அந்தாளுக்காகப் பாவம்னு நெனச்சிருக்கீங்களா என்று, கதைதானே என்பேன். பொங்கலுக்கு நாலைந்து நாள் இருக்கும், நான் காலை நடையை முடித்துக்கொண்டு அப்படியே பீர்க்கங்காய் வாங்கிக்கொண்டு வந்தேன், அவள் சமையலறையில் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டுக்குள் தலையைச் சாய்த்திருந்தாள், ஏதோ டப்பாவைத் தேடுகிறாள் என்று நினைத்தேன், வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே பீர்க்கங்காய் பிஞ்சாக் கெடச்சிது என்றேன், பதில் இல்லை, பால் பொங்குது பாரு, அப்படி என்னத்தத் தேடுற என்றேன், அப்புறம் கிட்டே போனேன், போகும்போதே தெரிந்துவிட்டது, தெரிந்தும் அவளைத் தாண்டிக் கையை நீட்டி அடுப்பை அணைத்தேன், அதற்கு அப்புறம்தான் குனிந்தேன். இதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இன்ஸ்பெக்டர் கேட்பார், மனைவி கீழே கிடக்கிறாள், நீர் முதலில் அடுப்பை அணைத்திருக்கிறீர், ஏன்? பால் எப்போது பொங்கும், முழுத் தீயில் வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் பொங்கும், அப்படியானால் நான் தெருமுனையில் நின்று பீர்க்கங்காயை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் இருந்தாள், சிம்மில் வைத்திருந்தால் ரொம்ப நேரம் ஆகும், அப்படியானால் எப்போதோ போய்விட்டாள், நான் அணைத்தபோது திருகு எந்தப் பக்கம் இருந்தது, அது மட்டும் ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. டாக்டர் உடனே போயிருக்கும், நீங்க என்ன செஞ்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது சார் என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் புத்தகங்களில் டாக்டர் சொல்வதை யாரும் முழுசாக நம்புவதில்லை.

இரண்டாவது டீ வந்துவிட்டது. "சரி மாஸ்டர், சொல்லுங்க" என்கிறார் பாய், திரும்பவும் அந்தப் பார்வை. புத்தகத்தை எடுத்து மேஜையில் வைக்கிறேன், ஓரத்தில் நீல நூல் ஒழுங்காக ஓடுகிறது, நல்லவேளை, நூலைப் பார்த்தால் பிரித்தேனா இல்லையா என்று தெரியும், படித்தேனா இல்லையா என்று தெரியாது. "நல்லா இருந்துச்சு பாய். ஆரம்பம் சுமார்தான். நடுவுலதான் சூடு பிடிக்குது. கீழயே வைக்க முடியல" என்கிறேன். "நடுவுலயா?" என்கிறான் ராஜமாணிக்கம். "ஆமாடா, நடுவுல நல்ல ஓட்டம். அந்த விசாரணையெல்லாம் பிரமாதமா எழுதியிருக்கான்." இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன், விசாரணை இல்லாத மர்ம நாவல் உண்டா, ஒருவேளை இதில் போலீசே வராதோ, பின்னட்டையில் இன்ஸ்பெக்டர் பெயர் போட்டிருந்ததே. பேச்சை மாற்ற வேண்டும், வக்கீல் என்று சொல்லி முடித்துவிடலாம் என்று வாயைத் திறக்கும்போது பாய் முந்திக்கொள்கிறார், மெதுவாக, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு. "எனக்கு அந்த மொதல் எடம்தான் மனசுல நின்னுது. அந்தம்மா அலறிக்கிட்டு ஓடுது, பால் பாட்டுக்குப் பொங்கி வழியுது. போலீஸ் வந்தப்பறமும் யாரும் அடுப்ப அணைக்கல." ராஜமாணிக்கம் கையை ஆட்டுகிறான். "கொலை விழுந்த வீட்ல அடுப்ப எவன்டா பாப்பான்? மனுஷன் செத்துக் கெடக்கும்போது அடுப்ப அணைச்சான்னா அவன் மனுஷனே இல்ல." "அணைப்பாங்க" என்கிறேன். சத்தமாக வந்துவிட்டது, மைதானத்துக் குரல், கல்லாவில் இருக்கிறவர் திரும்பிப் பார்க்கிறார். "எல்லாரும்தான் அணைப்பாங்க. மொதல்ல அணைப்பாங்க. பால் பொங்கினா கை போவும்டா, அதுக்கு என்னடா செய்யச் சொல்ற?" டீ டம்ளரைத் தள்ளி வைக்கிறேன். "ஆமா" என்கிறார் பாய். "கை தானா போவும். எங்க வாப்பா மவுத்தான அன்னிக்கு நான் மிஷினுக்கு எண்ணெய் போட்டுட்டுதான் வீட்டுக்குப் போனேன். இன்னிக்கு வரைக்கும் ஏன்னு தெரியாது." அவர் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. நான் அவரைப் பார்க்கவில்லை, மேஜையில் ஈரமாகப் பதிந்திருக்கிற டம்ளர் வட்டத்தைப் பார்க்கிறேன்.

ராஜமாணிக்கத்துக்கு மௌனம் ஆகாது, தொண்டையைச் செருமிக்கொண்டு, "டேய் சவரி, உனக்கு வடாம் போடத் தெரியுமா?" என்கிறான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கொலை எங்கே, வடாம் எங்கே. "என்னடா கேள்வி இது?" "இல்ல, வெயில் காலமாச்சே, கேட்டேன். கூழ் வடாம், ஜவ்வரிசி வடாம், இந்த மாதிரி." "தெரியாது" என்கிறேன், கடுகடுவென்று. தெரியாதுதான், எனக்குத் தெரிந்ததெல்லாம் காவல் காக்கிறது, வருஷா வருஷம் மெட்டில்டா மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்துப் பிழிவாள், நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு மர்ம நாவலும் பள்ளிக்கூட விசிலுமாக உட்காருவேன், காக்கா வந்தால் விசில், பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். போன வருஷத்து வடாம் இன்னும் டின்னில் இருக்கிறது, கீழ்த்தட்டில்தான் இருக்கிறது, அன்றைக்கு அவள் அதைத்தான் தேடினாளோ என்று ஒரு நாள் தோன்றியது, அதற்கப்புறம் அந்தத் தட்டின் கதவைத் திறப்பதில்லை. இவன் எதற்கு இப்போது வடாத்தை இழுக்கிறான், தனியாக இருக்கிறவன் தின்ன ஒன்றும் இல்லாமல் கிடக்கிறான் என்று வீட்டிலிருந்து டப்பாவில் போட்டுக் கொடுக்கப் போகிறானா, ஆரம்பித்துவிட்டார்களா இவர்களும். "வக்கீல்" என்கிறேன். "என் ஆள் வக்கீல்தான். நூலை இழுங்க பாய்." பாய் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார், நூல் முனையை விரலால் தடவுகிறார், அப்புறம் இழுக்காமல் அதை என் பக்கம் தள்ளி வைக்கிறார். "இன்னிக்கு வேணாம் மாஸ்டர். அடுத்த வாரம் பிரிச்சுக்கலாம்." இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. பாய் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட வந்து நூலை இழுத்துவிட்டுத்தான் போனார். "ஏன், நான் முடிச்சிட்டேனே" என்கிறேன். "முடிச்சா என்ன, நீங்களே வச்சிருங்க. நல்லா இருக்குன்னு சொன்னீங்களே நடுவுல, அந்த நடுவ மட்டும் இன்னொரு தடவ பாருங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல." ராஜமாணிக்கம் சுவரில் ஒட்டியிருக்கிற கேக் படத்தை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறான். தெரிந்துபோயிற்று. எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை, ஆனால் தெரிந்துபோயிற்று. புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கிறேன், பஸ் வந்திரும் என்று என்னவோ சொல்கிறேன், முழங்கால் இடிக்கிறதைக்கூட உணராமல் ரோட்டைத் தாண்டுகிறேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பொன்மலைப்பட்டி போகிற பஸ், என் ஸ்டாப் கடைசிக்கு முந்தினது. வெளியே வெளிச்சம் இருக்கிறது. அடுத்த வாரம் போக வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம், அதற்கடுத்த வாரம் மகன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லலாம், அப்புறம் அவர்களே கூப்பிடுவதை விட்டுவிடுவார்கள், இரண்டு பேருமே படித்துக்கொள்வார்கள், பாய் நூலை இழுப்பார், இவன் வாசிப்பான். கேவலமாக இருக்கிறது. இத்தனை வயசில் படிக்காமல் பரீட்சை எழுதி மாட்டிக்கொண்டேன், எத்தனை பையன்களை அதற்காக வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். ஆனால் எப்படித் தெரிந்தது? இது மட்டும் குடைகிறது, இத்தனை வருஷம் மர்ம நாவல் படித்தவனுக்குத் தன்னை எப்படிப் பிடித்தார்கள் என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. ராஜமாணிக்கம் சிரித்தான், பெரிய சங்கதி என்றான். நான் வந்ததும் இரண்டு பேரும் காத்திருந்தார்கள், நான் எதையோ சொல்வேன் என்று. நடுவுலயா என்று கேட்டான். நடுவை மட்டும் பார் என்றார் பாய். நடுவில் என்ன இருக்கிறது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பிரிக்கிறேன், பிணம் இருக்கிற பக்கத்தைத் தாண்டி, அதைப் பார்க்காமல், மொத்தமாக நடுவில். தம்பி ஏணிப்படியில் கைத்துப்பாக்கியோடு இறங்குகிறான், கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம், இன்ஸ்பெக்டர் சடாரென்று திரும்பி, அடுத்த பக்கத்தில், "மாவை இரண்டு முறை சலித்துக்கொள்ளவும். கப்பி இருந்தால் பிழியும்போது அச்சில் அடைத்துக்கொள்ளும்" என்று இருக்கிறது. திரும்பப் படிக்கிறேன். கப்பி. அச்சு. புரட்டுகிறேன், கூழ் வடாம், ஜவ்வரிசி வடாம், தக்காளி வடாம், வெங்காய வடகம், பதினாறு பக்கப் பாரம் ஒன்று முழுக்க, பைண்டிங்கில் எவனோ சமையல் புத்தகத்துத் தாளைக் கொலைக்குள் சொருகித் தைத்துவிட்டான், எஸ்டேட் முதலாளியின் விசாரணை இருக்க வேண்டிய இடத்தில் வடாம் காய்கிறது. படித்தவன் எவனும் இதைச் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க மாட்டான், வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்திருப்பான். நானோ விசாரணை பிரமாதம் என்றேன். நல்ல ஓட்டம் என்றேன். வடாம் போடத் தெரியுமா என்று அவன் எனக்குக் கை நீட்டிப் பார்த்தான், நான் கடித்தேன். எனக்குச் சிரிப்பு வருகிறது, பக்கத்தில் இருக்கிறவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வருகிறது, பிறகு அது சிரிப்பாக இல்லை. படிக்கலியாடா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோளைத் தட்டவில்லை. நூலை இழுக்காமல் கொடுத்தனுப்பினார்கள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினேன், மாவு சலிப்பதிலிருந்து. எழுதின அம்மாள் கண்டிப்பானவர், இந்த அளவு என்றால் இந்த அளவுதான், ஆளாளுக்குக் கூட்டிக் குறைத்துவிட்டு வடாம் விண்டுபோயிற்று என்று என்னிடம் வராதீர்கள் என்கிற மாதிரி ஒரு தொனி. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டக் கூடாது, தூவ வேண்டும், ஒரு கை தூவ ஒரு கை கிளற வேண்டும். கட்டி தட்டினால் பயப்பட வேண்டாம், கரண்டியின் முதுகால் பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்தால் கரைந்துவிடும். காகத்துக்காகக் கறுப்புத் துணி கட்டுகிறார்கள், குடையை விரித்து வைக்கிறார்கள், எல்லாம் வீண், பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பதுதான் நல்லது. இந்த வரியை இரண்டு முறை படித்தேன், உட்கார்ந்திருந்தேன் அம்மா, விசிலோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த பத்தியில், கூழ் கண்ணாடி போல வந்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும், ஆனால் அவசரப்படக் கூடாது, "முதலில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்" என்று போட்டிருக்கிறது. விரல் அந்த வரிக்குக் கீழேயே நிற்கிறது. இவ்வளவு நாளாக எந்த இன்ஸ்பெக்டருக்கும் நான் சொல்ல முடியாத பதில், மலிவுத் தாளில், மசி பரவின எழுத்தில். மெட்டில்டாவும் இதைத்தான் சொல்வாள், ஏதாவது பேச வாயெடுத்தால்கூட மொதல்ல அடுப்ப அணைங்க என்பாள், அவள் வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த கைக்கு வேறு எது தெரியும். அவளுக்காக அழுதிருக்கிறேன், ஆனால் பஸ்ஸில், பகலில், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதது இதுதான் முதல் தடவை, அதில் எனக்கு வெட்கமாக இல்லை. பக்கத்தில் இருந்தவர் எட்டி அட்டையைப் பார்த்தார், அட்டையில் ரத்தம் சொட்டுகிற கத்தி, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். வெங்காய வடகம் வரைக்கும் படித்தேன். கடைசி வரி பாதியில் நிற்கிறது, புரட்டினால் ஏணிப்படி, துப்பாக்கி வெடித்துவிட்டிருந்தது, வக்கீல் விழுந்து கிடக்கிறார். என் கொலைகாரன் நடுவிலேயே செத்துப்போயிருக்கிறான். அதையும் படித்தேன். வக்கீல் மேல் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால் என் ஸ்டாப் போய்விட்டது, கடைசி ஸ்டாப்பில் பஸ் நிற்கிறது, கண்டக்டர் இறங்குங்க சார் என்கிறார். இறங்கி நின்று போனை எடுத்தேன். பாய் உடனே எடுத்தார், பின்னால் பேக்கரிச் சத்தம், டம்ளர் கழுவுகிற சத்தம், இரண்டு பேரும் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பாய்."

"சொல்லுங்க மாஸ்டர்."

"நடுவுல வடாம் வருது."

பாய் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ராஜமாணிக்கத்திடம் சொல்வது கேட்டது, "வந்துட்டாரு." அவன் என்னவோ சொன்னான், அல்லது மூக்கைச் சிந்தினான்.

"இப்பத்தான் வந்தீங்களா?" என்றார் பாய்.

"இப்பத்தான்."

"மெதுவா வாங்க. நூல நான் இழுக்க மாட்டேன்."